சி டிரைவில் இடம் இருந்தும் அப்டேட் ஏறவில்லையா? ரெக்கவரி பார்ட்டிஷனில் என்னதான் சிக்கல்? எளிய விளக்கம்

விண்டோஸ் கணினிக்கு மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட்டுகள் பெரும்பாலும் தானாகவே ஏறிவிடும். 2024 ஜனவரி 9 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு அப்டேட் மட்டும் அப்படி ஏறவில்லை. விண்டோஸ் 10-க்கான அந்த அப்டேட்டின் எண் கேபி5034441. பல நாடுகளிலும் ஏராளமான கணினிகளில் அது பாதியிலேயே நின்றது. எத்தனை முறை முயன்றாலும் 80070643 என முடியும் பிழை எண்தான் வந்தது.

சி டிரைவில் 100 ஜிபி காலியாக வைத்திருந்தவர்களுக்கும் இதே நிலைதான். அப்போ சிக்கல் எங்கே?

கண்ணில் படாத அறை

கணினி திறக்காமல் மக்கர் செய்தால், அதைச் சரிசெய்ய விண்டோஸுக்குள் 'வின்ஆர்இ' என்ற மீட்புக் கருவி உண்டு. பெரும்பாலான கணினிகளில் இது ரெக்கவரி பார்ட்டிஷன் என்ற தனிப்பகுதியில் இருக்கும். டிரைவ் எழுத்து தரப்படாததால் சி, டி டிரைவ்களோடு சேர்ந்து கண்ணில் படாது.

பல கணினிகளில் இதன் அளவே சுமார் 500 எம்பிதான். அதில் பெரும்பகுதியை மீட்புக் கருவியே அடைத்துக்கொள்ளும். புதிய அப்டேட்டுக்கோ அங்கே 250 எம்பி காலி இடம் தேவை. பீரோ முழுக்க காலியா இருந்தாலும், உள்ளே இருக்குற லாக்கர் நிரம்பிட்டா நகைப்பெட்டி உள்ளே போகாது இல்லையா? அதே கதைதான் இங்கேயும்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 'இடம் போதவில்லை' என்று வந்திருக்க வேண்டிய செய்திக்குப் பதிலாக, 'நிறுவ முடியவில்லை' என்ற பொதுவான பிழை எண் வந்தது. பிழைகளைக் கையாளும் நிரலில் இருந்த கோளாறே காரணம் என்று மைக்ரோசாஃப்ட்டே பிறகு விளக்கியது.

இந்த அப்டேட் ஏன் முக்கியம்?

லேப்டாப் திருடு போனாலும் உள்ளே உள்ள தகவலை யாரும் படிக்க முடியாதபடி பூட்டி வைப்பது பிட்லாக்கர். மீட்புக் கருவியில் இருந்த ஒரு ஓட்டை வழியாக அந்தப் பூட்டையே தாண்ட முடியும் என்று தெரியவந்தது. அதை அடைக்கவே இந்த அப்டேட். தாக்குபவர் கையில் கணினி நேரடியாக இருந்தால்தான் இது சாத்தியம். இணையம் வழியாக முடியாது.

ஆகவே, வாடிக்கையாளர் விவரங்களை லேப்டாப்பில் வைத்திருக்கும் ஆடிட்டர், வழக்கறிஞர், சிறு நிறுவனங்களுக்கு இது உண்மையான ஆபத்து. பிட்லாக்கரே பயன்படுத்தாத வீட்டுக் கணினிக்கு இதனால் புதிதாக ஆபத்து எதுவும் இல்லை. ரெக்கவரி பார்ட்டிஷனே இல்லாத கணினியில் இந்தப் பிழையைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று மைக்ரோசாஃப்ட்டும் கூறியது.

எப்படிச் சரிசெய்வது?

ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்தால், இந்தப் பார்ட்டிஷன் எங்கே, எந்த அளவில் இருக்கிறது என்று தெரியும். ஆனால், '100 சதவீதம் காலி' என்று காட்டினால் நம்ப வேண்டாம். டிரைவ் எழுத்து இல்லாத பகுதியை அது பெரும்பாலும் அப்படித்தான் காட்டும்.

மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழி இதுதான்: மீட்புக் கருவியைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். சி டிரைவை 250 எம்பி சுருக்க வேண்டும். பழைய ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்து, பெரிய அளவில் புதிதாக உருவாக்க வேண்டும். கடைசியில் மீட்புக் கருவியை மீண்டும் இயக்க வேண்டும். இதெல்லாம் கமாண்ட் பிராம்ப்ட்டில் செய்யும் வேலை. கருவியை நிறுத்தாமலே பார்ட்டிஷனை அழித்தால் மீட்பு வசதியே போய்விடும். சி டிரைவை ஒட்டி அடுத்ததாக அந்தப் பார்ட்டிஷன் இல்லாவிட்டால் வேலை இன்னும் சிக்கலாகும்.

எனவே முதலில் பேக்கப். அடுத்து, பிட்லாக்கர் மீட்புச் சாவியை வேறொரு இடத்தில் எழுதி வைக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த டெக்னீஷியனிடம் விடுவதே நல்லது.

'இடம் குறைவு' என எச்சரிக்கை வந்தால்?

இது வேறு சிக்கல். 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 பதிப்புக்குப் பிறகு, சில கணினிகளில் மறைந்திருந்த பார்ட்டிஷனுக்கு டிரைவ் எழுத்து கிடைத்துவிட்டது. வழக்கமாகவே நிரம்பியிருக்கும் பகுதி என்பதால், இடம் இல்லை என்ற எச்சரிக்கை விடாமல் வந்தது. இதற்காக உள்ளே இருக்கும் ஃபைல்களை அழிக்கக் கூடாது. டிரைவ் எழுத்தை நீக்கினாலே போதும், எச்சரிக்கை நின்றுவிடும்.

பொறுப்பு யாருக்கு?

பார்ட்டிஷன் அளவை முடிவு செய்தது பயனாளர் அல்ல. விண்டோஸும் கணினித் தயாரிப்பாளர்களும்தான். ஆனாலும் தானியங்கித் தீர்வு வராது, கையால்தான் சரிசெய்ய வேண்டும் என்று சில மாதங்களிலேயே மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. 2024 ஆகஸ்டில் இதற்குப் பதிலாக வந்த புதிய அப்டேட்டுக்கும் அதே 250 எம்பி தேவைப்பட்டது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதே கணினியைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிழைச் செய்தி வரவில்லை என்பதாலேயே ஓட்டை அடைபட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. பிட்லாக்கர் பூட்டை நம்பி முக்கியத் தகவல்களை வைத்திருப்பவர்கள், அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்து ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.