கிருமியின் ஜாதகம் படித்தாயிற்று; கழிப்பிடம் எங்கே?

நீர்க்கடுப்பைப் பற்றி ஓர் அரசியல் பத்திரிகை எழுதுவதா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். ஸ்பின்னிங் பிரிவில் இழை பிணைக்கும் பெண்ணையும், வெயிலில் நாற்று நடும் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். வேலைக்குப் புறப்படும்முன் தண்ணீர் குடிக்கவே அஞ்சுகிறார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடமில்லை; இடமிருந்தால் மேஸ்திரி விடுவதில்லை. அடக்கி அடக்கிக் கடைசியில் நெருப்பாய் எரிகிறது. வெட்கத்தால் யாரிடமும் சொல்வதில்லை. மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாள் ஷிப்டுக்குப் போகிறார்கள்.

இந்நோயில் பெரும்பங்கு ஈ. கோலி என்னும் கிருமியின் வேலை. நம் குடலில் குடியிருப்பது அது. அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் சாது. சிறுநீர்ப் பாதையில் ஏறினால் மட்டும் ஏன் ராட்சசனாகிறது?

விடை தேடி விஞ்ஞானிகள் கிருமியின் உடம்புக்குள்ளேயே உள்ள ஏட்டைப் புரட்டினார்கள். ஒவ்வொரு உயிருக்கும் அப்படி ஓர் ஏடு உண்டு. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டது. அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வரிசையாகப் படிப்பதுதான் மரபணுத் தொகுதியைப் படிப்பது. 1997-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார், ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த ஒரு சாது ஈ. கோலியைப் படித்து முடித்தனர். 46 லட்சம் எழுத்துக்கள்! 2002-ல் சிறுநீரக நோய் கண்ட ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்த ஈ. கோலியின் ஏடு வெளிவந்தது. அதில் 52 லட்சம். கூடுதல் பக்கங்களில் என்ன இருந்தது? சிறுநீரகத்தின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகள், நம் உடம்பிலிருந்து இரும்புச் சத்தைப் பறிக்கும் கருவிகள், ரத்த அணுக்களை உடைக்கும் விஷம். ஆக, ஒரே பெயருடைய கிருமிகளிலும் ஆயுதம் தரித்தவை வேறு, தரிக்காதவை வேறு.

அடுத்து வந்ததுதான் நம்மை நேரடியாகத் தொடும் சங்கதி. டில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு ஸ்வீடன் நாட்டவரின் சிறுநீரில், கடைசிச் சேமப் படையாக டாக்டர்கள் வைத்திருந்த கார்பாபெனம் மருந்தையும் அறுத்தெறியும் மரபணு ஒன்று அகப்பட்டது. 2009-ல் அதற்கு என்.டி.எம்.-1 என்று பெயரிட்டார்கள். நடு எழுத்து டில்லியைக் குறிப்பது. 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிற நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து கணக்கு வெளியிட்டனர். அந்த மரபணுவைத் தாங்கிய கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37. இந்த மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொரு ஜாதிக் கிருமிக்கும் கைமாறும், மில் வாசலில் துண்டுப் பிரசுரம் கைமாறுவதுபோல. ஒற்றுமையில் கிருமிகள் நம்மை மிஞ்சிவிட்டன போலும்!

மத்திய சர்க்கார் என்ன செய்தது? கோபித்துக்கொண்டது. தலைநகரின் பெயரை வைக்கலாமா, வெளிநாட்டு நோயாளிகள் நம் ஆஸ்பத்திரிகளுக்கு வருவது என்னாவது என்று கூக்குரல் எழுந்தது. ஊர்ப் பெயரைச் சூட்டியது முறையல்ல என்பது நமக்கும் சம்மதமே. ஆனால் மறு ஆண்டு, 2011-ல், டில்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் 2-லும், தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-லும் அதே மரபணு இருந்ததே! பெயரை மாற்றினால் சாக்கடை சுத்தமாகிவிடுமா?

புது மருந்து வரும் என்று காத்திருக்கலாமா? சிறுநீர்த் தொற்றுக்கென்று பிளாசோமைசின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2018-ல் அனுமதி கிடைத்தது. அதைச் செய்த கம்பெனி 2019 ஏப்ரலில் திவாலாயிற்று. சில நாள் தின்றால் நோய் தீர்ந்துவிடும் மருந்தில் லாபம் எங்கிருந்து வரும்? முதலாளித்துவக் கணக்கில் குணமாக்குவது நஷ்ட வியாபாரம். ஒரு காலத்தில் இந்நாட்டில் பிம்பிரியிலும், சோவியத் உதவியோடு ரிஷிகேசத்திலும் சர்க்கார் ஆலைகள் இவ்வகை மருந்துகளைச் செய்தன. அவற்றை வாடவிட்டவர்கள் யார் என்பது தொழிலாளிகளுக்குத் தெரியும்.

விஞ்ஞானத்தின்மேல் நமக்குக் குறையில்லை. 2017-ல் இங்கிலாந்தில் நார்விச் நகரத்தார், கையடக்கமான ஒரு கருவியால் சிறுநீரிலிருந்தே கிருமியின் ஏட்டைப் படித்து, எந்த மருந்தை அது எதிர்க்கும் என்று 4 மணி நேரத்தில் சொல்லிக் காட்டினார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய முறைக்கு இரண்டு நாள் வேண்டும். அந்தக் கருவி நம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வரும்போது வரட்டும். அந்த இரண்டு நாள் சோதனையாவது இன்று அங்கே இலவசமாக நடக்கிறதா? இல்லாதபோது எந்த மாத்திரை கேட்கும் என்று தெரியாமலே கொடுக்கிறார்கள். கேட்காத மாத்திரை கிருமியைப் பழக்கிவிடுகிறது.

1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே, வேலை நேரம் முழுவதும் எப்போதும் போய்வரத்தக்க கழிப்பிடம் வேண்டும் என்று எழுதிவைத்தது. கழனியில் வேலை செய்பவளுக்கு அந்த எழுத்தும் கிடையாது. மில் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் அடுத்த கோரிக்கை மனுவில் கூலிக்கு அடுத்த வரியிலேயே மூன்றைச் சேர்க்கட்டும்: அனுமதி கேட்காமல் போகக்கூடிய கழிப்பிடம், வேலையிடத்தில் குடிதண்ணீர், தாலுகா ஆஸ்பத்திரியில் கிருமிச் சோதனை. மனுவை எழுதும்போது பெண் தோழர்களை உடன் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பிடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.