குதிரைக்குத் தவிடு மட்டும் போதுமா?

மைசூருக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் அரண்மனைப் பக்கம் டாங்கா வண்டியில் ஒரு சுற்று வருவது வழக்கம். ஊரிலிருந்து வந்த உறவினரையும் குழந்தைகளையும் ஏற்றி, வாடகையைப் பேரம் பேசி முடிப்பதோடு சரி. வண்டி இழுக்கும் குதிரை என்ன தின்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

வண்டிக் குதிரைக்குத் தவிடு போடுவது நெடுநாளைய பழக்கம். விலை மலிவு, வயிறும் நிரம்பும். ஆனால் தவிடே பிரதான ஆகாரமானால் அது எலும்பை அரிக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஒரு கிலோ கோதுமைத் தவிட்டில் சுண்ணாம்புச் சத்து சுமார் 1 கிராம்தான்; பாஸ்பரஸோ 10 கிராமுக்கு மேல். குதிரைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. 500 கிலோ எடையுள்ள குதிரை வேலையின்றி நின்றாலும் நாளொன்றுக்கு 20 கிராம் சுண்ணாம்புச் சத்தும் 14 கிராம் பாஸ்பரஸும் தேவை.

பாஸ்பரஸ் மிகுந்து சுண்ணாம்புச் சத்து குறைந்தால், உடல் தன் எலும்பிலிருந்தே அதை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்து மாதக் கடைசியை ஓட்டும் குமாஸ்தாவின் கதைதான். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு குதிரை நொண்டும், முக எலும்பு வீங்கும், பல் ஆடும், கால் எலும்பு எளிதில் முறியும். மாவு ஆலைக்காரர்கள் மிஞ்சிய தவிட்டையே தங்கள் குதிரைகளுக்குப் போட்டு வந்ததால் மேல்நாட்டில் இதற்கு 'மில்காரர் நோய்' என்றே பெயர் வந்தது.

இந்நிலையில் எலும்பு டானிக், ஜீரணப் பவுடர் என்று டப்பா டப்பாவாக வாங்குவதில் என்ன பயன்? தவிட்டைக் குறைக்காமல் டானிக் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும். மலிவான வழி இருக்கிறது. தமிழில் குதிரை மசால் என்று பெயர் பெற்ற தீவனப் பயிரில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். காய்ந்த மசால் ஒரு கிலோவில் 10 கிராமுக்கு மேல் உண்டு. அது கிடைக்காத இடத்தில் தீவனத்துக்கென்று அரைத்த சுண்ணாம்புக்கல் பொடியைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் கலக்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் கலக்கக் கூடாது. அது வாயையும் குடலையும் வேகவைத்துவிடும்.

ஜீரண விஷயமும் இப்படித்தான். குதிரையின் இரைப்பை உடலைப் பார்க்கச் சிறியது. மாட்டைப் போல அசைபோடவோ, தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுக்கவோ அதனால் முடியாது. புல்லும் வைக்கோலும் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்களால்தான் செரிக்கின்றன. நாள் முழுதும் பட்டினி போட்டு, இரவில் ஒரே மூச்சில் தானியத்தைக் கொட்டினால் அந்த நுண்ணுயிர்கள் கெட்டு வயிற்றுவலி வரும். மனிதருக்கு வயிற்றுவலி ஒரு நாள் லீவு. குதிரைக்கு அது உயிரையே குடிக்கும். ஈஸ்ட் கலந்த பவுடர்கள் நார்ப் பொருள் செரிக்கச் சிறிது துணை செய்யலாம். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை தீனி, தாராளமாகப் புல், தாகத்துக்குத் தண்ணீர், வியர்வையில் போன உப்புக்கு ஈடாக உப்பு, இவற்றுக்கு மாற்றாக எந்தப் பவுடரும் ஆகாது.

வண்டிக்காரரைக் குறை கூறிப் பயனில்லை. அன்றன்று கிடைக்கும் காசில் அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும், லாயத்திலும் தீனி விழ வேண்டும். கால்நடைத் துறையினர் வண்டி நிலையத்துக்கே வந்து குதிரைகளின் பல்லையும் காலையும் பார்த்து, தீவன முறையை அவரவர் பாஷையில் சொல்லட்டும். சுண்ணாம்புக்கல் பொடியையும் தாது உப்பையும் குறைந்த விலையில் அங்கேயே கொடுக்கட்டும். இதற்குப் பெரிய திட்டமோ கமிட்டியோ தேவையில்லை.

சவாரி செய்வோருக்கும் பொறுப்பு உண்டு. வண்டி தாங்கும் அளவுக்கு மேல் ஏறாதிருக்கலாம். பேரத்தில் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் கடைசியில் அந்த வாயில்லா ஜீவனின் தீனியில்தான் குறைகிறது.