முன்னுரையில் யாருக்கு இடம்?

போன மாதம், எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒரு தங்கை தன் கல்லூரிக் கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினாள். பி.ஏ. தமிழ், மூன்றாம் ஆண்டு. அக்கா குருபரப்பள்ளி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். இவள் காலையில் கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடிக்கிறாள். கட்டுரைத் தலைப்பு ‘கருக்கு காட்டும் சமூகம்’. அவள் எழுதியிருந்த முதல் வரி இது: “பொட்டலத்தைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிவந்த பெரியவரைப் பார்த்துச் சிரித்த சிறுமி, காரணம் தெரிந்த பிறகு சிரிக்கவில்லை.”

அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘முன்னுரை பொதுவாகத் தொடங்க வேண்டும்.’

பொதுவாக! இந்தச் சொல்லோடு நமக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது தோழர்களே. பொதுக் கிணறு, பொதுப் பாதை, பொதுச் சுடுகாடு. ‘பொது’ என்று பெயர் வைத்த இடங்களில்தான் நம் பாட்டன் பூட்டனை நிறுத்திவைத்தார்கள். 1927 மார்ச்சில் மகாட்டில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளியதும் பொதுக்குளத்தில்தான். நகராட்சியே எல்லோருக்கும் என்று தீர்மானம் போட்டிருந்த குளம் அது. தீர்மானம் இருந்தது, தண்ணீர் இல்லை. இப்போது கட்டுரையின் முதல் வரியும் பொது இடமாம். நம் பிள்ளைகள் அதில் கால் வைக்கக் கூடாதாம்.

அந்தப் ‘பொதுவான’ முன்னுரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பத்தாம் வகுப்பிலிருந்து கைடு பார்த்து மனப்பாடம் செய்ததுதானே. இலக்கியம் காலத்தின் கண்ணாடி. தமிழ் உலகின் மூத்த மொழி. சங்ககாலம் தொட்டு இன்றுவரை என்று ஒரே மூச்சில் இரண்டாயிரம் ஆண்டைத் தாண்டும் ஒரு வாக்கியம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகூட ‘நம் தாய்மொழியாம் தமிழ்’ என்றுதான் தொடங்கியாக வேண்டும். முதல் வரியிலேயே பொய். இந்த வரியைக் கருக்குக்கும் ஒட்டலாம், கம்பராமாயணத்துக்கும் ஒட்டலாம். எதற்கும் ஒட்டும் வரி எதைப் பற்றியும் பேசவில்லை என்றுதானே பொருள்?

2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் பாமாவையும் சுகிர்தராணியையும் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. நாம் கொதித்தோம், கொதிக்க வேண்டியதுதான். இங்கே புத்தகம் பாடத்திட்டத்தில் பத்திரமாக இருக்கிறது. புத்தகத்துக்குள் நடப்பது மட்டும் கட்டுரையின் முதல் பக்கத்துக்கு வரக் கூடாது. இதற்கு யாரும் கண்டன அறிக்கை விடுவதில்லை.

சரி, அந்தத் தங்கையின் வரியில் என்ன இருக்கிறது? 1992இல் வந்த கருக்கில், பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றை மட்டும் பிடித்துத் தூக்கி வருவதைப் பார்க்கிறாள். வேடிக்கையாக இருக்கிறது. பெரியவர் அதைக் களத்தில் உட்கார்ந்திருக்கும் நாயக்கரிடம் பணிந்து நீட்டுகிறார். நாயக்கர் பிரித்துத் தின்கிறார். தொட்டால் தீட்டு என்பதால்தான் கயிறு என்று பிறகு அண்ணன் சொல்கிறான். சிரிப்பு நின்றுபோகிறது. சாதியைப் பற்றிய ஒரு பாடமே ஒரு துண்டுக் கயிற்றில் தொங்குகிறது. அந்தக் கயிற்றைக் கண்டுபிடித்து முதல் வரியில் வைத்தவள் புத்தகத்தைப் படித்திருக்கிறாள். கண்ணாடி என்று எழுதுகிறவர் படித்தாரா என்று யாருக்குத் தெரியும்?

அவளிடம் நான் ஒரு குறை சொன்னேன். “பொட்டலத்தைத் தூக்கினவர் இருக்கார், பார்த்தவ இருக்கா. வாங்கித் தின்னவர் எங்கம்மா?”

நம் கட்டுரைகளின் பெரிய நோய் இதுதான். ஒடுக்கப்பட்டனர். ஒதுக்கப்பட்டனர். கல்வி மறுக்கப்பட்டது. தமிழில் இந்தப் ‘படு’ என்னும் துணைவினை ரொம்ப வசதியானது. செய்தவன் பெயரைச் சொல்லாமலேயே வாக்கியம் முடிந்துவிடும். எழுவாயைத் தேடிப் பாருங்கள். யார் ஒடுக்கினார்? யார் மறுத்தார்? போலீஸ் எஃப்.ஐ.ஆரில் குற்றவாளி பெயர் இல்லாவிட்டால் ஸ்டேஷன் வாசலில் உட்காருகிறோம். நம் கட்டுரையில் இல்லாவிட்டால் நல்ல நடை என்கிறோம்.

அம்பேத்கர் எப்படித் தொடங்கினார் என்று பாருங்கள். 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுத் தலைமையுரைக்காக எழுதியது ‘சாதி ஒழிப்பு’. எடுத்த எடுப்பில் வேதகாலம் இல்லை, தத்துவம் இல்லை. தன்னை அழைத்தவர்களுக்காக வருந்துகிறார்! இந்த ஆளையா தலைவராகப் பிடித்தீர்கள் என்று அவர்களை நாலு பேர் கேட்பார்களே என்கிறார். பேசுகிறவன் யார், கேட்கிறவர்கள் யார், நடுவில் இருக்கும் பள்ளம் எவ்வளவு என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. உரையின் வாசகங்களைப் பார்த்துப் பயந்த மண்டல் மாநாட்டையே ரத்து செய்தது. அவர் சொந்தச் செலவில் அச்சிட்டார். 1,500 படிகளும் இரண்டே மாதத்தில் தீர்ந்தன.

அடுத்தவரை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. நம்மிடமும் கைடு இருக்கிறது. ‘பார்ப்பனியத்தின் கோரப்பிடியில்’ என்று தொடங்கும் கைடு. கல்லூரிக் காலத்தில் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ பற்றி நானும் அப்படித்தான் தொடங்கினேன். கைத்தட்டலும் வாங்கினேன். அந்த நாவலில் ஆரோக்கியம் காலனிக்காரர்களின் துணியைத்தான் வெளுக்கிறாள். கூலிக்கும் சோற்றுக்கும் நம் வாசலில்தான் நிற்கிறாள். என் முதல் வரி எங்கோ தூரத்தில் ஒரு எதிரியைக் காட்டியதால், என் தெருவில் நின்ற புதிரை வண்ணார் பெண்ணை நான் பார்க்கவே இல்லை. கோஷம் மேடைக்கு நல்லது. கட்டுரையின் முதல் வரியில் அது கண்ணைக் கட்டிவிடுகிறது.

“மார்க் போயிடுமே அண்ணா” என்பீர்கள். போகலாம். போகாது என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்களுக்கு ஐந்து மார்க் என்பது ஸ்காலர்ஷிப், மேல்படிப்பு, சில வீடுகளில் கல்யாணத்தைத் தள்ளிப்போட ஒரு காரணம். அதனால் ‘முன்னுரை’ என்ற தலைப்பை எடுக்க வேண்டாம், அடிக்கோடும் போடுங்கள். அதன் கீழே வரும் முதல் வாக்கியத்தில் புத்தகத்திலிருந்து ஒரு பொருளையோ ஒரு ஆளையோ ஒரு செயலையோ வையுங்கள். செய்தவரை எழுவாயாக்குங்கள். ஆசிரியர் பொது வரி ஒன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அது இரண்டாவதாக வரட்டும். அது பின்னால் நின்று பழகட்டுமே.

அந்தத் தங்கை செமஸ்டர் தேர்வில் அதே வரியைத்தான் எழுதினாளாம். இந்த முறை, பொட்டலத்தைப் பிரித்துத் தின்ற நாயக்கரையும் சேர்த்து. ரிசல்ட் இன்னும் வரவில்லை.