சீமையா? சிலமலையா?

பிழைக்கப் போன நாட்டிலேயே கடைசி வரை இருந்து விடுவதா? பிறந்த ஊருக்குத் திரும்பி விடுவதா?

கடல் கடந்து வாழும் தமிழர்களைத் தலை நரைக்கத் தொடங்கியதும் இந்தக் கேள்வி பிடித்துக்கொள்கிறது. இதற்கு விடை சொல்வது லேசான காரியம் அல்ல.

சிலமலையை எடுத்துக்கொள்வோம். தேனி ஜில்லாவில், போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. மலைக்கு மேலே ஏலக்காய். கீழே தென்னை, மா, இலவமரம். பொழுது விடியும் முன்பே தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை ஏறும். ஆடி மாதம் வந்தால் காற்று ஆளைத் தள்ளும்.

இந்த ஊரில் பிறந்த ஒருவர் படித்துப் பட்டம் பெற்று அமெரிக்காவுக்கு உத்தியோகத்துக்குப் போனார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வருஷம் ஓடிவிட்டது. பிள்ளைகள் அங்கேயே பிறந்து, வளர்ந்து, வேலைக்கும் போய்விட்டார்கள். இப்போது அவருக்கு வயது 60. "ஊருக்குப் போய்விடலாம். பெரிதாக ஒரு வீடு கட்டலாம். ஏலத்தோட்டம் ஒன்று வாங்கலாம். மலைக்காற்றை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்" என்று அவர் ஆசைப்படுகிறார்.

நல்ல ஆசைதான். ஆனால் ஆசை மட்டும் போதுமா?

அன்று கேட்பார் இல்லை

"எங்கே இருப்பது?" என்று உட்கார்ந்து யோசிக்க முடிகிறதே, அதுவே ஒரு பாக்கியம். நம்மவர்களில் பல பேருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

பர்மாவில் 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964-ல் கடைகளை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள், தேடிய பொருளை விட்டுவிட்டு, கப்பல் ஏறி வந்தார்கள். சென்னையில் பர்மா பஜார் என்று ஒன்று இருப்பது அவர்களால்தான்.

இலங்கையில் நடந்தது என்ன? 1964 அக்டோபர் 30-ந் தேதி, சிறிமாவோ பண்டாரநாயகாவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். தோட்டத் தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேரை இலங்கை ஏற்பது என்று முடிவாயிற்று. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். "உனக்கு எங்கே இருக்கப் பிரியம்?" என்று தேயிலை பறித்த பெண்ணைக் கூப்பிட்டு வைத்து அன்று யாரும் பேசவில்லை.

இன்னொரு சங்கதியையும் கேளுங்கள். பர்மாவிலிருந்து தாய்நாடு வந்தவர்களில் சிலருக்குத் தமிழ்நாடு ஒட்டவில்லை. மறுபடியும் பர்மாவுக்கே போய்விடலாம் என்று தரை வழியாகப் புறப்பட்டார்கள். மணிப்பூர் எல்லையில் அவர்களைத் தடுத்து விட்டார்கள். அந்தப் பக்கமும் போக முடியவில்லை. இந்தப் பக்கமும் வர மனமில்லை. எல்லையில் இருக்கும் மோரே என்ற ஊரிலேயே குடியேறி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பெயர் சொந்த ஊர் என்று இருந்தாலும், நெடுநாள் விட்டுப் பிரிந்தவருக்கு அது புது ஊர்தான். பழகித்தான் ஆக வேண்டும்.

லயமும் விசாவும்

சிலமலைக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் மலைமேலேயே இருக்கிறது. 1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. போடிமெட்டைத் தாண்டினால் வேறு ராஜ்யம் என்பதே நிலைத்தது.

அங்கே எஸ்டேட்டுகளில் வேலை செய்கிறவர்கள் லயத்தில் குடியிருப்பார்கள். வேலை இருக்கும் வரையில்தான் லயம். வயதாகி வேலையை விட்டதும், வீட்டில் வேறு யாரும் அந்த எஸ்டேட்டில் வேலையில் இல்லை என்றால், குடியிருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். நாற்பது வருஷம் இருந்த இடம் ஒரே நாளில் அந்நியமாகிவிடும்.

வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் ஆட்களின் நிலையும் இதுதான். வேலைதான் விசா. வேலை முடிந்தால் மூட்டை கட்ட வேண்டும். ஐக்கிய அரபு நாட்டில் 55 வயது தாண்டியவர்களுக்கு 5 வருஷ விசா ஒன்று உண்டு. ஆனால் சொத்தோ, சேமிப்போ, பெரிய வருமானமோ காட்டுகிறவர்களுக்குத்தான் அது கிடைக்கும். கட்டட வேலை செய்யும் தம்பிக்கு எட்டாது.

ஆகவே வளைகுடாவில் இருப்பவர்களுக்கு "எங்கே?" என்ற கேள்வியே இல்லை. திரும்பித்தான் ஆக வேண்டும். அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, "திரும்பும்போது கையில் என்ன இருக்கும்?" என்பதுதான். தங்கை கல்யாணத்துக்கும், அண்ணன் கடனுக்கும் அனுப்பியது போக, தன் முதுமைக்கென்று மாதா மாதம் ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும். அதைச் சுயநலம் என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லக் கூடாது.

ஏலத்தோட்டம் வாங்கலாமா?

அமெரிக்கக்காரரிடம் திரும்புவோம். அவருக்குத் தோட்டம் வாங்க ஆசை அல்லவா? வாங்க முடியுமா?

இந்தியச் சட்டப்படி ஒருவர் இரண்டு நாட்டுக்குப் பிரஜையாக இருக்க முடியாது. தானாக விரும்பி அமெரிக்கப் பிரஜையானால், இந்தியப் பிரஜா உரிமை போய்விடும். அப்படிப் போனவர்களுக்காக 2006-ம் ஆண்டு முதல் வெளிநாட்டு இந்தியர் அட்டை ஒன்று கொடுக்கிறார்கள். அது இருந்தால் ஆயுள் முழுவதும் விசா இல்லாமல் வந்து தங்கலாம். வீடு வாங்கலாம். ஆனால் ஓட்டு இல்லை. விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்க உரிமை இல்லை. அப்பன், பாட்டன் சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவரும், அங்கே இருக்கும் வரையில் தோட்டம் துரவு வாங்க முடியாது.

"அதனால் என்ன? மச்சான் பெயரில் வாங்கிப் போடுகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம்! பினாமிச் சட்டம் 2016-ல் கடுமையாக்கப்பட்டிருக்கிறது. சொத்தும் போகும், மச்சான் உறவும் போகும்.

பிரஜா உரிமையை மாற்றிக்கொள்வதா வேண்டாமா என்பது ஒரு காகித விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. கடைசிக் காலத்தில் எங்கே, எப்படி வாழ்வது என்பதில் பாதி அங்கேயே முடிவாகி விடுகிறது.

மருந்தும் பணமும்

அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கு மெடிகேர் என்ற வைத்திய உதவி உண்டு. ஆனால் சிலமலையில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் அந்த மெடிகேர் பணம் தராது. பத்து வருஷம் வேலை செய்து வரி கட்டியவருக்கு அங்கே சோஷியல் செக்யூரிட்டி ஓய்வுப் பணம் கிடைக்கும். அமெரிக்கப் பிரஜை இந்தியாவுக்கு வந்துவிட்டாலும் அது வந்துகொண்டிருக்கும். பிரஜையாகாமல் பச்சை அட்டை மட்டும் வைத்திருப்பவர் கவனமாக இருக்க வேண்டும். முன்னனுமதி இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே தங்கினால் அட்டை கையை விட்டுப் போகலாம்.

பிரிட்டனில் வேறு கதை. அங்கே சர்க்கார் ஓய்வூதியம் வருஷா வருஷம் உயரும். ஆனால் அதை வாங்குகிறவர் இந்தியாவில் வந்து குடியிருந்தால், உயர்வு கிடையாது. முதல் மாதம் எவ்வளவோ, அவ்வளவுதான் கடைசி மாதமும். அரிசி விலை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்!

இங்கே வைத்திய வசதி இல்லாமல் இல்லை. போடியில் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. தேனியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மதுரையிலிருந்து போடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் ரயில் பாதை, அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் மூடப்பட்டது. 2023 ஜூன் மாதம் போடிக்கு மறுபடியும் ரயில் வந்துவிட்டது. ஆனாலும், நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் வண்டி பிடித்து அழைத்துப் போக வீட்டில் ஓர் ஆள் வேண்டுமே!

ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். 2024-லிருந்து 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் புதிதாக எடுக்க வழி இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்றவற்றுக்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். எனவே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது தவறு. வருவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பே விசாரிக்க வேண்டும்.

யாருடைய சொந்த ஊர்?

சட்டத்தையும் பணத்தையும் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். அவரால் பார்க்க முடியாத ஒன்று உண்டு. அதுதான் முக்கியம்.

"சொந்த ஊருக்குப் போகலாம்" என்கிறார் கணவர். அது யாருடைய சொந்த ஊர்?

மனைவி தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணமான மறு மாதமே கணவரோடு விமானம் ஏறியவர். சிலமலையில் அவர் சேர்ந்தாற்போல் பத்து நாள் இருந்ததில்லை. கணவருக்கு அங்கே பள்ளிக்கூடத் தோழர்கள் உண்டு. டீக்கடை பெஞ்சு உண்டு. மனைவிக்கு என்ன உண்டு? "என்னங்க, நீங்கள் அங்கே ஊருக்குப் போவீர்கள். நான் புக்ககத்துக்குப் போவேன்" என்று அந்த அம்மாள் சொன்னால், அதில் தவறு உண்டா?

பேரப் பிள்ளைகளைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று மனைவிக்குத் தோன்றலாம். பனி கொட்டும் ஊரில், நாலு சுவருக்குள், பகலெல்லாம் பேச ஆளில்லாமல் இருக்க முடியாது என்று கணவருக்குத் தோன்றலாம். இரண்டும் நியாயம்தான்.

இன்னொன்றையும் வாய் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. புருஷனும் பெண்சாதியும் ஒரே நாளில் கண்ணை மூடுவதில்லை. ஒருவர் முன்னே போவார். ஒருவர் பின்னே இருப்பார். பெண்களுக்கு ஆயுள் சற்று அதிகம். பெரும்பாலும் வயதிலும் கணவரைவிட இளையவர்கள். ஆகவே பல குடும்பங்களில் பின்னே இருக்கப் போவது மனைவிதான்.

அப்படியானால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "நாம் இருவரும் எங்கே சுகமாக இருப்போம்?" என்று கேட்டால் போதாது. "நம்மில் ஒருவர் மட்டும் மிஞ்சினால், அவர் எந்த ஊரில் பயம் இல்லாமல் இருப்பார்?" என்று கேட்க வேண்டும். அந்தப் பெரிய வீட்டில், பிள்ளைகள் கடலுக்கு அப்பால் இருக்க, தனியாக விளக்கு ஏற்றப் போகிறவர் யாரோ, அவருடைய வார்த்தைக்குத்தான் முதல் இடம் தர வேண்டும். இது எங்கள் உறுதியான கருத்து.

என்ன செய்யலாம்?

முதலாவது, 50 வயதிலேயே இதைப் பேச ஆரம்பியுங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போது எடுக்கும் முடிவு நம் முடிவு. படுத்த பிறகு எடுத்தால் அது பிறர் முடிவு.

இரண்டாவது, அங்கே உள்ள வீட்டை விற்றுவிட்டு வராதீர்கள். வாடகைக்கு ஒரு வீடு பிடித்து ஒரு வருஷம் இருந்து பாருங்கள். லீவுக்கு வரும்போது ஊரே விருந்து வைக்கும். அந்த உபசாரத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது. சித்திரை வெயிலையும், ஐப்பசி மழையையும், தண்ணீர் வராத நாளையும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, மாளிகை கட்டாதீர்கள். மாடிப்படி ஏற முடியாத வயதில் மூன்று மாடி எதற்கு? சிலமலையே வேண்டும் என்பதில்லை. போடியிலோ தேனியிலோ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சின்ன வீடாகப் பார்த்து இருந்துகொண்டு, நல்லது கெட்டதுக்கு ஊருக்குப் போய் வரலாம்.

நான்காவது, அண்ணன் மகன் பார்த்துக்கொள்வான் என்று சொத்தை எழுதிக் கொடுக்கும் முன் யோசியுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007-ல் வந்தது. 60 வயதான இந்தியப் பிரஜை, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்கவில்லை என்றால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆகவே நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

ஐந்தாவது, பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசுங்கள். "எங்களுக்கு முடியாமல் போனால் நீ வருவாயா?" என்று கேளுங்கள். "வர முடியாது" என்று சொன்னாலும் கோபிக்காதீர்கள். தெரிந்துகொண்டால் வேறு ஏற்பாடு செய்யலாம்.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்பி வருகிறவரைப் பணமூட்டையாகப் பார்க்காதீர்கள். அவர் நன்கொடை கொடுக்க வரவில்லை. உங்கள் திண்ணையில் உட்கார்ந்து பேச வருகிறார். அவர் மனைவிக்கு அந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பெண்கள் வேண்டும். காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்கப் பக்கத்து வீட்டு மதினி வேண்டும். அது இருந்தால் சிலமலை நல்ல ஊர். அது அமெரிக்காவில் கிடைத்தால் அமெரிக்காவும் நல்ல ஊர்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டில் இருக்கும் உங்கள் அண்ணனோ அக்காவோ டெலிபோனில் பேசினால், "எப்போது வருகிறீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "மதினி என்ன சொல்கிறார்கள்? அத்தான் என்ன சொல்கிறார்?" என்றும் கேளுங்கள்.