'வில்' மட்டும் போதாது

எதிர்காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொன்னால், நம் மாணவர்களில் பலர் எல்லா வாக்கியங்களிலும் 'வில்' போட்டுவிடுகிறார்கள். மலாயில் 'அக்கான்' ஒன்றே பல இடங்களில் போதுமாக இருப்பதும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கென ஒரே வடிவம் இல்லை. ஒரு காரியம் எப்போது முடிவானது, எவ்வளவு உறுதியானது என்பதைப் பொறுத்து வடிவம் மாறும்.

டுரியான் துங்கால் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், ஜொகூர் பாருவில் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறார் என வைத்துக்கொள்வோம். நேர்முகத் தேர்வில், "எங்கே தங்குவீர்கள்?" என்று கேட்கிறார்கள். மாமா வீட்டில் தங்க ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டது. அவர் 'ஐ வில் ஸ்டே வித் மை அங்கிள்' என்றால், அந்த நொடியில் தோன்றிய யோசனைபோல் கேட்கும். 'ஐ எம் ஸ்டேயிங் வித் மை அங்கிள்' என்றால், ஏற்பாடு முடிந்தது என்று புரியும். இன்னும் ஏற்பாடு ஆகவில்லை, எண்ணம் மட்டும் உண்டு என்றால் 'ஐ எம் கோயிங் டு லுக் ஃபார் எ ரூம்' பொருந்தும். மூன்றும் இலக்கணப்படி சரிதான். ஆனால் கேட்பவருக்கு மூன்றும் வெவ்வேறு செய்திகள்.

இது நமக்குப் புதிதல்ல. கருமேகம் திரண்டதும் 'மழை வரப்போகிறது' என்கிறோம். பயணச்சீட்டு வாங்கியவர் 'நாளைக்குக் கோலாலம்பூர் போகிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறார். இன்னும் கிளம்பாதவர்கூட, 'இதோ வந்துவிட்டேன்' என்கிறார். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலத்துக்குரியதை வேறு காலத்தால் சொல்லலாம் என்று நன்னூல் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் 'இஃப்', 'வென்' வாக்கியங்கள். 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதக் கூடாது; 'இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் ஸ்டே ஹோம்' என்பதே சரி. தமிழிலும் 'மழை வந்தால் வீட்டில் இருப்பேன்' என்கிறோம். 'வந்தால்' என்பதில் எதிர்கால இடைநிலை இல்லை. 'இருப்பேன்' என்பதில்தான் அது வருகிறது.

ஓரிடத்தில் மட்டும் இரு மொழிகளும் பிரிகின்றன. 'பேருந்து 8 மணிக்குப் புறப்படும்' என்பது நம் வழக்கு. கால அட்டவணைப்படி நடப்பதை ஆங்கிலம் எளிய நிகழ்காலத்தில் சொல்லும்: 'தி பஸ் லீவ்ஸ் அட் எய்ட்'.

மாணவர்களே, மூயெட் பேச்சுத் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் முன் உங்கள் அடுத்த வாரத் திட்டங்கள் ஐந்தை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அருகில், இப்போது முடிவு செய்ததா, முன்பே எண்ணியதா, ஏற்பாடு முடிந்ததா, அட்டவணையில் உள்ளதா என்று குறியுங்கள். அதன் பிறகு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். அந்த ஐந்தில் எத்தனைக்கு 'வில்' தேவைப்படுகிறது என்று எண்ணுங்கள்.