ஆறாவது முகத்தில் யார் பெயர்?

கனசதுர வலையைத் தாளில் வரைந்து, வெட்டி, மடித்து ஒட்டுவது பள்ளியிலேயே செய்ததுதான். அந்த வலையை 11 விதமாக விரிக்கலாம். ஆனால் ஆறு முகத்திலும் படம் வேணுமென்றால் மவுசால் இழுத்து இழுத்து ஒட்டுகிறோம். விளிம்பை 3 செ.மீ.யிலிருந்து 4 ஆக்கினால் ஆறு படத்தையும் மறுபடி நகர்த்தணும். டிப்ளமோ படிக்கிறவன் செய்கிற வேலையா இது?

டொனால்ட் கனூத் 1978-இல் தந்த 'டெக்' அச்சுக்கோப்பு மென்பொருள் இலவசம். அதன்மேல் ஓடும் 'டிக்ஸ்' தொகுப்பில் 'ஃபோல்டிங்' என்றே ஒரு பகுதி உண்டு. கனசதுரம், நான்முகி, பன்னிரு முகம் எல்லாம் ஒட்டுமடிப்போடு தயார். முகத்தின் எண்ணுக்கு நேரே படத்தின் பெயரைக் கொடுத்தால் அங்கே போய் உட்காரும். விளிம்புக்கு வைத்த அளவையே படத்தின் அகலத்துக்கும் வைத்தால், ஒரு எண்ணை மாற்ற ஆறும் மாறும். 'டிரான்ஸ்ஃபார்ம் ஷேப்' என்பதை மட்டும் விட்டால் போச்சு! முகம் திரும்பும், படம் திரும்பாது.

சரி, எந்தப் படம்? ஈஃபில் கோபுரம் வேண்டாம். 2024 ஜூனில் கள்ளச்சாராயம் 60 பேருக்கு மேல் கொண்டுபோனது. அதிலிருந்து கருணாபுரம் என்றாலே வெளியூர்க்காரர் முகம் மாறுது. இங்குள்ள பிள்ளைகளுக்குக் கோமுகி அணை, மேகம் அருவி, பெரியார் அருவி, கரும்பு வண்டி, மரவள்ளிக் காடு போடுவோம். ஆறாவது முகத்தில் அந்தந்தப் பிள்ளையின் பெயர். ஆளுக்கு ஒரு வரி மாற்றினால் போதும். மவுசால் இதைச் செய்து பாருங்கள், விடிஞ்சிடும்.

அட்டையும் பசையும் நம்ம பொறுப்பு. சனிக்கிழமை லேப் திறக்க அனுமதி வாங்குவது சங்கத்தின் பொறுப்பு.