ஆர்ட்ஸ்காரருக்கு டயோட் எதுக்கு?

“நீ ஆர்ட்ஸ் தானே, உனக்கேன் உந்த வேலை?” பழுதாப்போன நுளம்பு மட்டையைக் கழற்றி வைச்சிருக்கேக்க தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான்.

அந்த மட்டைக்குள் இருப்பது சின்ன பற்றறி. கம்பி வலையிலோ ஆயிரம் வோல்ற்றுக்கும் மேலே. குட்டி ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று மின்னழுத்தத்தை ஓரளவு உயர்த்த, மிச்சத்தை டயோட்டும் கண்டென்சரும் செய்கின்றன. மின்னோட்டம் ஒரு பக்கம் போகும்போது முதல் கண்டென்சர் நிரம்பும். திரும்பும்போது அதிலுள்ளதும் சேர்ந்து அடுத்ததை இரண்டு மடங்காக நிரப்பும். டயோட் பின்னுக்குப் போக விடாது. இப்படியே படிப்படியாக அடுக்கலாம். 1932இல் கேம்பிரிட்ஜில் கொக்ரொஃப்ற்றும் வோல்ற்றனும் இதே அடுக்கைப் பெரிதாகக் கட்டித்தான் லித்தியம் அணுவின் கருவைப் பிளந்தார்கள். 1951இல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால் இதில் சும்மா வருவது எதுவும் இல்லை. வோல்ற் ஏற ஏற, எடுக்கக்கூடிய மின்னோட்டம் குறையும். “இலவச மின்சாரம்” எண்டு வாற வீடியோக்களை நம்பாதேங்கோ. சுவிச்சை நிப்பாட்டின பிறகும் கண்டென்சர் அடிக்கும் எண்டதையும் மறக்காதேங்கோ.

இனித் தம்பிக்கான பதில். 1990களில் வன்னிக்குப் பற்றறி வரத் தடை. அப்ப எங்கட சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில றேடியோ கேட்டது. டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோவுக்குத் தேவை நேரோட்டம். அதை மாற்றிச் சீராக்கினதும் இதே டயோட்டும் கண்டென்சரும்தான். பாடப்புத்தகம் இருவாயி, கொள்ளளவி எண்டு சொல்லும். சுத்தினவைக்கு அந்தப் பெயர் தேவைப்படேல்ல, செய்தி தேவைப்பட்டது.

எங்கட வரலாற்றை எழுதுறவை ஷெல்லையும் இடப்பெயர்வையும் எழுதுகினம். எழுதத்தான் வேணும். ஆனால் றேடியோ திருத்தின கையை ஆர் எழுதினது? எந்தப் பழைய பெட்டியில இருந்து டயோட் கழற்றினவை, ஆரிட்டப் பழகினவை, ஒரு வீட்டு முற்றத்தில எத்தினை பேர் கூடி இருந்து கேட்டவை? இதையெல்லாம் கேட்டுப் பதிவது விஞ்ஞானப் பிரிவின் வேலை இல்லை, எங்கட வேலை. ஆனால் டயோட் என்ன செய்யும் எண்டு தெரியாமல் போனால், அவை சொல்லுறதில பாதி எங்களுக்கு விளங்காது. அடுத்த கேள்வியையும் கேட்கத் தெரியாது.

அவைக்கு இப்ப அறுபது, எழுபது வயது. அடுத்த லீவுக்கு முல்லைத்தீவுக்கு வரேக்க ஒரு ஆளிட்டயாவது கேளுங்கோ. ஃபோனில பதிஞ்சு வையுங்கோ. மட்டை பிறகு திருத்தலாம்.